நாற்பதாயிரம் முட்டை

கற்பனைப் பட்டணங்களுக்கு நாவல் உலகத்தில் பஞ்சமே கிடையாது. ஒரு கோட்டை, ஒரு கோபுரம், நடுநிசியில் விளக்கு எரிகிற ஒரு ஜன்னல், தெரு முனையில் முக்காடிட்ட ஓர் உருவம். இவ்வளவு இருந்தால் பட்டணம் தயார் என்று எண்ணிவிடுகிற ஆசிரியர்கள் அதிகம். அந்தப் பட்டணத்தில் கதாநாயகன் வாட்போர் செய்வான், காதலிப்பான், கடைசி அத்தியாயத்தில் ராஜ்யத்தையே காப்பாற்றுவான். ஆனால் காலையில் எழுந்து அவன் என்ன சாப்பிட்டான், அதை யார் கொண்டுவந்தார்கள், என்ன விலைக்கு விற்றார்கள் என்று கேட்டால் ஆசிரியரிடம் பதில் இராது. அப்படிக் கேட்பதே ரசனையற்ற காரியம் என்று சொல்லக்கூடியவர்களும் உண்டு. கற்பனைதானே, அதில் அரிசி விலை எதற்கு என்பார்கள்.

எனக்கு இந்த வாதத்தில் நம்பிக்கை இல்லை. நடந்த கதையை எழுதுகிறவனுக்குப் பாதி வேலையை உலகம் செய்து கொடுத்துவிடுகிறது. லண்டன் என்று எழுதினால் தேம்ஸ் நதியும் துறைமுகமும் கூடவே வந்துவிடுகின்றன. இல்லாத ஊரை எழுதுகிறவனுக்கு அந்தச் சலுகை இல்லை. அவன் சொல்லாதது அங்கே கிடையாது. ஆகவே சோற்றுக் கணக்கு யதார்த்த நாவலாசிரியனைக் காட்டிலும் அவனுக்குத்தான் அதிக அவசியம். அதிலும் ஆற்றங்கரையில், வியாபாரத்தால் பிழைக்கிற ஒரு பட்டணத்தைச் சிருஷ்டி செய்கிறவன் இந்தக் கணக்கிலிருந்து தப்பவே முடியாது. படகு வந்தால் ஊர் உண்டு, வராவிட்டால் இல்லை.

ஆங்கிலத்தில் இதை உணர்ந்து எழுதியவர்கள் சிலர் உண்டு. 1937-இல் வெளிவந்த டோல்கீனின் 'ஹாபிட்' குழந்தைகளுக்கான கதை. அதில் எஸ்கரோத் என்று ஓர் ஏரிப் பட்டணம் வருகிறது. தண்ணீரில் மரத்தூண்களை நாட்டி அவற்றின்மேல் கட்டிய ஊர். காட்டுக்குள் ஆட்சி செய்யும் எல்ஃப் ராஜனுக்கு மதுவும் மற்றப் பண்டங்களும் இந்த ஊர் வழியாகத்தான் போகின்றன. காலிப் பீப்பாய்கள் ஆற்றோடு மிதந்து ஊருக்குத் திரும்புகின்றன. ராஜனின் சிறையில் அகப்பட்ட குள்ளர்கள் பதின்மூன்று பேரை விடுவிக்க வேண்டிய பொறுப்பு பில்போவுக்கு ஏற்படுகிறது. கண்ணுக்குத் தெரியாமல் உலவச் செய்யும் மோதிரம் அவனிடம் இருக்கிறது. ஆனால் அது ஒரு விரலுக்குத்தான் உதவும். பதின்மூன்று பேரையும் வெளியேற்றுவது காலிப் பீப்பாய் திரும்பிப் போகிற வியாபார வழக்கம். மந்திரத்தால் முடியாததை ஆற்றுப் போக்குவரத்து முடித்து வைக்கிறது.

அந்த ஊர்த் தலைவனும் நல்ல பாத்திரம். குள்ளர்கள் வந்து நிற்கும்போது அவன் நினைப்பெல்லாம் சரக்கிலும் சுங்கத்திலும் இருக்கிறது. நல்ல வாடிக்கையாளனான காட்டு ராஜனைப் பகைத்துக்கொள்ள அவனுக்கு மனம் இல்லை. ஊர் நாகத்தால் அழிந்த பிறகு, மீட்புக்கென்று கொடுத்த தங்கத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறான். ஆளற்ற வெளியில், கையில் தங்கம் இருக்க, வயிற்றுக்கு இல்லாமல் சாகிறான். ஒரு வியாபாரப் பட்டணத்தின் தலைவனுக்கு இதைவிடப் பொருத்தமான முடிவை யோசிப்பது கஷ்டம்.

ஃப்ரிட்ஸ் லீபர் என்ற அமெரிக்கர் 1939 முதல் பல ஆண்டுகள் எழுதிய கதைகளில் லங்க்மார் என்ற பட்டணம் வருகிறது. ஹ்லால் என்ற ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிற தானியச் சந்தை அது. திருடர்கள் அங்கே சங்கம் வைத்திருக்கிறார்கள். 1968-இல் வெளிவந்த 'லங்க்மாரின் வாட்கள்' நாவலில் தானியக் கப்பல்களை எலிகள் கைப்பற்றப் பார்க்கின்றன. பிறகு ஊருக்கு அடியில் எலிகளின் பட்டணம் ஒன்று இருப்பது தெரிகிறது. தானியம் இருக்கும் இடத்தில்தான் எலி இருக்கும். இந்தச் சாதாரண உண்மையைப் பிடித்துக்கொண்டு லீபர் ஒரு நாவலையே கட்டிவிட்டார். ஆனால் அவருடைய நாயகர்கள் இருவருக்கும் லங்க்மார் விளையாட்டு மைதானம்தான். அவர்கள் ஊரில் திருடுகிறார்கள், குடிக்கிறார்கள். அவர்களை அங்கே வசிக்கிறவர்கள் என்று சொல்ல முடியாது.

ஊரில் வசிக்கிறவர்களைக் காட்டியவர் டெர்ரி பிராட்செட். 1948-இல் பிறந்து 2015-இல் காலமான ஆங்கில நாவலாசிரியர். தட்டையான உலகம் ஒன்றைக் கற்பனை செய்து, அதை நான்கு யானைகளின் முதுகில் ஏற்றி, யானைகளை ஓர் ஆமையின் மேல் நிறுத்தி, 41 நாவல்கள் எழுதினார். அவற்றில் பாதிக்கு மேல் ஆங்க்-மார்போர்க் என்ற பட்டணத்தில் கால் வைக்காமல் நகர்வதில்லை. ஆங்க் என்ற ஆற்றின் ஒரு கரை ஆங்க், பணக்காரர்களுடையது. மறு கரை மார்போர்க், ஏழைகளுடையது. ஜனத்தொகை ஏறக்குறைய பத்து லட்சம். கற்பனைப் பட்டணம் கட்டுகிறவன் முதலில் நல்ல தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது, சாக்கடை எப்படி வெளியே போகிறது என்று யோசிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவர் 1980 முதல் 1987 வரை மின்சார உற்பத்தி வாரியம் ஒன்றில் பத்திரிகைத் தொடர்பு அதிகாரியாக வேலை பார்த்தவர். சுவரில் விசையைத் தட்டினால் விளக்கு எரிவதற்குப் பின்னால் எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்பது உத்தியோக முறையில் தெரிந்தவர். அந்த அனுபவம் அவருக்கு வீண் போகவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

1983-இல் வந்த முதல் நாவல் 'மாயத்தின் நிறம்'. அது பட்டணம் பற்றி எரிவதில் ஆரம்பிக்கிறது. ஏன் எரிகிறது? தூர தேசத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய ஒரு சுற்றுலாப் பயணி, ஊரில் இன்ஷூரன்ஸ் குமாஸ்தா, ஒரு மதுக்கடைக்காரனுக்குத் தீ விபத்து இன்ஷூரன்ஸ் எழுதிக் கொடுக்கிறான். கடை எரிந்தால் பணம் என்று கேட்ட மாத்திரத்தில் கடைக்காரன் வேறு எதையும் யோசிக்கவில்லை. இது நல்ல ஹாஸ்யம். ஆனால் ஹாஸ்யத்தோடு முடிந்துபோகிற ஹாஸ்யம் அல்ல. ஒரு பட்டணத்தைப் பகைவன் எரிக்கலாம், நாகம் எரிக்கலாம். இங்கே புதிதாக வந்திறங்கிய ஒரு வியாபார யோசனை எரித்துவிடுகிறது. அதே நாவலில் அந்தப் பயணி சாமான்ய விஷயங்களுக்கெல்லாம் பசும்பொன்னை எடுத்து நீட்டுகிறான். அவன் ஊரில் பொன்னுக்கு மதிப்பில்லை. இரண்டு ஊர்களின் விலைவாசி சந்திக்கும்போது நேருகிற கலவரம் அது. வாளும் மந்திரமும் அந்த நாவலில் ஏராளமாக உண்டு. எனக்கு மனதில் நின்றது இந்த இரண்டு விஷயங்கள்தான்.

முதல் நாவலில் ஊர் ஒரு நாடக மேடை. எழுத எழுத அது வீடுகளும் கடைகளும் உள்ள இடமாகிறது. ஆற்றைப் பற்றி அவர் திரும்பத் திரும்பச் செய்கிற கேலி ஒன்று உண்டு: வண்டலும் கழிவும் சேர்ந்து அது நடந்து கடக்கலாம் என்கிற அளவுக்குக் கெட்டியாகிவிட்டது என்பார். படையெடுத்து வந்தவர்களை இந்த ஊர் எதிர்த்து நிற்பதில்லை. கதவைத் திறந்து வைத்துச் சாமான் விற்கிறது. சில நாட்களில் வந்தவன் குதிரையும் இழந்து, கடன்காரனாகி, இன்னொரு குடிமகனாகிவிடுகிறான். திருடர் சங்கம் இங்கேயும் உண்டு. லங்க்மாரில் அது மர்மக் கூட்டம். இங்கே வருஷத்துக்கு இத்தனை திருட்டு என்று அளவு வைத்துக்கொண்டு, பறிகொடுத்தவனுக்கு ரசீது கொடுக்கிற அலுவலகம். ஹாரி கிங் என்று ஒரு செல்வன். ஊர் தள்ளுகிற மூத்திரத்தையும் குப்பையையும் வாரித் தோல் பதனிடுகிறவனுக்கும் சாயக்காரனுக்கும் விற்றுப் பணம் சேர்த்தவன். சாக்கடை எப்படி வெளியே போகிறது என்ற கேள்விக்குப் பிராட்செட் ஒரு மனிதனையே பதிலாகக் கொடுத்துவிட்டார். கேள்வியைப் பாத்திரமாக்கத் தெரிந்தவன்தான் நாவலாசிரியன்.

இந்த ஊரின் மனசாட்சி சாம் வைம்ஸ். இராக்காவல் படையின் தலைவன், ஏழைத் தெருவில் பிறந்தவன், வெகுகாலம் குடிகாரன். 1993-இல் வந்த 'மென் அட் ஆர்ம்ஸ்' நாவலில் அவனுடைய பூட்ஸ் கணக்கு வருகிறது. அவன் மாதச் சம்பளம் 38 டாலர். நல்ல பூட்ஸ் 50 டாலர். பல வருஷம் உழைக்கும். அவனால் வாங்க முடிந்தது 10 டாலர் பூட்ஸ். ஒன்றிரண்டு பருவத்தில் தண்ணீர் இறங்கிவிடும். பத்து வருஷத்தில் ஏழை 100 டாலர் செலவழித்திருப்பான். அப்போதும் அவன் கால் ஈரமாகத்தான் இருக்கும். பணக்காரன் பணக்காரனாக இருப்பதற்குக் காரணம் அவன் குறைவாகச் செலவழிப்பதுதான் என்று வைம்ஸுக்குத் தோன்றுகிறது. பொருளாதாரப் பாடப்புத்தகம் செய்யாததை இந்தக் கணக்கு செய்துவிட்டது. 2022-இல் பிரிட்டனில் ஏழைகள் வாங்கும் மலிவுப் பண்டங்களின் விலை ஏற்றத்தைக் கணக்கிட ஒரு குறியீட்டெண் அறிவிக்கப்பட்டபோது, ஆசிரியர் குடும்பத்தின் சம்மதத்தோடு, வைம்ஸின் பூட்ஸ் பெயரையே அதற்கு வைத்தார்கள். இல்லாத ஊரில் இல்லாத மனிதன் வாங்காத பூட்ஸ், இருக்கிற ஊரில் அளவுகோலாகிவிட்டது.

அவருடைய நாவல்களில் சிறந்தது 2002-இல் வந்த 'நைட் வாட்ச்' என்பது என் அபிப்பிராயம். வைம்ஸ் இதற்குள் பிரபு ஆகிவிட்டான். ஒரு கொலைகாரனைத் துரத்துகையில் புயலில் அகப்பட்டு முப்பது வருஷம் பின்னால் போய் விழுகிறான். அங்கே கொடுங்கோல் ஆட்சி, ரகசியப் போலீஸ், சித்திரவதைக் கூடம், தெருவில் கலகம். தெருக்களை மறித்துத் தடுப்பு எழுப்புகிறார்கள். தடுப்பு தெருத் தெருவாக நகர்ந்து வெளியே போகிறது. ஊரின் இறைச்சிக் கிடங்கும் சந்தைகளும் தடுப்புக்கு உள்ளே வந்துவிடுகின்றன. கலகக்காரர்கள் அரண்மனையைப் பிடிக்கவில்லை. ஊரின் சாப்பாட்டைப் பிடித்துவிட்டார்கள். புரட்சியைப் பற்றி எழுதியவர்களில் எத்தனை பேர் இதை யோசித்தார்கள்?

அந்த நாவலில் வைம்ஸ் ஊர் தினம் தின்பதைக் கணக்குப் பார்க்கிறான். சுமார் நூறு மாடுகள், மாவு எண்பது டன் என்று கேள்வி, ஏறக்குறைய அதே அளவு உருளைக்கிழங்கு, மீன் ஒரு இருபது டன், முட்டை நாற்பதாயிரம். நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான வண்டிகளும் படகுகளும் தினமும் ஊரை நோக்கி வருகின்றன. ஒரு நாள் நின்றால் என்ன ஆகும் என்ற பயம் அவனுக்கு வருகிறது. ஊர் என்பது கட்டடம் அல்ல, ஓயாத ஒரு காரியம் என்று அவனுக்குப் புலப்படுகிறது. இந்த இடத்தில் மந்திரமும் இல்லை, ஹாஸ்யமும் இல்லை. ஆனால் நாற்பத்தொரு நாவல்களிலும் ஆங்க்-மார்போர்க் இவ்வளவு நிஜமாக நிற்கிற இடம் வேறு இல்லை.

கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம். பத்து லட்சம் ஜனங்களுக்கு நாற்பதாயிரம் முட்டை என்றால் இருபத்தைந்து பேருக்கு ஒரு முட்டை. ஆளுக்கு எண்பது கிராம் மாவு. முப்பது வருஷத்துக்கு முன் ஜனங்கள் குறைவு என்று வைத்துக்கொண்டாலும் இது மெலிந்த சாப்பாடுதான். ஆசிரியர் பென்சிலும் காகிதமுமாக வகுத்துப் பார்த்தாரா என்பது முக்கியம் அல்ல. கலகக்காரர்கள் சத்தியம், நீதி, சுதந்திரம் என்று கோரிக்கைகளை அடுக்குகிறபோது வைம்ஸ் தனக்கு ஒரு வேகவைத்த முட்டை போதும் என்கிறான். மற்றவை கிடைக்குமோ கிடைக்காதோ, முட்டையாவது கைக்கு வரக்கூடும் என்பது அவன் எண்ணம். வாசகன் சிரிக்கிறான். இருபத்தைந்து பேருக்கு ஒரு முட்டை என்று தெரிந்தால் அந்தச் சிரிப்பு அவ்வளவு எளிதாக வராது. அந்த ஊரில் ஏழைக்கு முட்டையும் சுதந்திரத்தைப் போலத்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு குறையையும் சொல்ல வேண்டும். ஊரை நடத்துகிறவன் வெட்டினாரி என்ற சர்வாதிகாரி. கொலையாளிகள் சங்கத்தில் படித்தவன்; மெலிந்தவன்; தூங்காதவன்; எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிந்தவன். சங்கங்களை ஒன்றோடொன்று மோதவிட்டு ஊரை ஓட்டுகிறான். திருடனுக்குச் சங்கம் உண்டு, பிச்சைக்காரனுக்குச் சங்கம் உண்டு, ஆகவே எல்லாருக்கும் ஏதோ ஓர் இடம் உண்டு என்பது போல ஒரு திருப்தி நாவல்களில் படர்ந்திருக்கிறது. ஆனால் அந்த இடங்களெல்லாம் மதிலுக்கு உள்ளேதான். நாற்பதாயிரம் முட்டையும் இட்ட கோழிகள் மதிலுக்கு வெளியே இருக்கின்றன. சுற்றியுள்ள சமவெளியில் முட்டைக்கோஸ் விளைகிறது என்று ஆசிரியர் அடிக்கடி சொல்லுவார், அதுவும் கேலிக்காகத்தான். விளைவிக்கிறவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பதில்லை. வைம்ஸின் கண்ணுக்குப் படகு ஊரை நோக்கி வருவது தெரிகிறது. புறப்பட்ட இடம் தெரிவதில்லை. புத்திசாலியான ஒரு தனிமனிதன் மேலே இருந்தால் எல்லாம் ஓடும் என்ற நம்பிக்கைக்கும் இந்தப் பார்வைக் குறைவுக்கும் சம்பந்தம் உண்டு என்று நினைக்கிறேன். துறைமுகத்தில் நின்று பார்க்கிறவனுக்கு ஊர் தானாக ஓடுவது போலத்தான் தோன்றும்.

இந்தக் குறையைப் பிராட்செட்டே உணர்ந்திருக்க வேண்டும் என்பதற்கு 2011-இல் வந்த 'ஸ்னஃப்' சாட்சி. ஸ்னஃப் என்றால் மூக்குப்பொடி. பண்டத்தின் பெயரையே நாவலுக்கு வைத்திருக்கிறார். வைம்ஸ் ஓய்வுக்காக மனைவியின் கிராமத்துப் பண்ணைக்குப் போகிறான். இங்கே ஊருக்கு வெளியிலிருந்து ஊரைப் பார்க்கிறோம். அங்கே காப்ளின்கள் என்ற ஓர் இனம் குகைகளில் ஒதுங்கி வாழ்கிறது. சட்டத்தின் கண்ணில் அவர்கள் புழுபூச்சி. அவர்களைப் பிடித்து ஆற்று வழியே கொண்டுபோய்க் கப்பலேற்றி, தூரத்துப் புகையிலைத் தோட்டங்களில் அடிமை வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இதற்குத் துணை நின்றவர்கள் மாஜிஸ்திரேட்டுகளாக உட்கார்ந்திருக்கும் நிலச்சுவான்தார்களே. பொடி போடுகிற கனவான்கள் தும்முகிற ஒவ்வொரு தும்மலுக்கும் ஆற்றின் மேல்பக்கத்தில் ஒரு விலை கொடுக்கப்படுகிறது. முதல் நாவலில் கேலியாக ஆரம்பித்த வியாபாரம் இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு இங்கே வந்து சேர்கிறது. வெள்ளத்தில் வைம்ஸ் ஒரு படகில் போராடுகிற அத்தியாயத்தில் ஆறு கடைசியாக ஆறாகவே இருக்கிறது. அதன்மேல் நடக்கலாம் என்ற கேலிக்கு அங்கே இடம் இல்லை.

'ஸ்னஃப்' கலையாக 'நைட் வாட்ச்'சுக்கு ஈடாகாது. 2007-இல் தமக்கு அல்ஸைமர் நோய் என்று பிராட்செட் உலகத்துக்கு அறிவித்தார். பிறகு விரல்கள் ஒத்துழைக்காமல் வாயால் சொல்லி எழுதுவிக்கும் நிலைமை வந்தது. நாவலில் பேச்சு நீளுகிறது. ஒரே விஷயம் இரண்டு முறை வருகிறது. இவற்றை மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது முடிவு. காப்ளின் பெண் ஒருத்தி யாழ் போன்ற வாத்தியத்தைப் பெரிய மனிதர்கள் நிறைந்த சபையில் வாசிக்கிறாள். கேட்டவர்கள் உருகுகிறார்கள், சட்டம் மாறுகிறது. அவள் வாசித்திராவிட்டால்? சங்கீதம் தெரியாத காப்ளினைப் புகையிலைத் தோட்டத்துக்கு அனுப்பலாமா? மனிதனாக நடத்தப்படுவதற்குத் திறமையை நுழைவுச்சீட்டாகக் கேட்கிற உலகத்தை அம்பலப்படுத்த வந்த நாவல், அந்தச் சீட்டைத் தானே கிழித்துக் கொடுத்துவிடுகிறது. பூட்ஸ் கணக்கு எழுதிய கை இதைச் செய்திருக்கக் கூடாது. அந்தக் கணக்கில் வைம்ஸுக்கு ஒரு திறமையும் தேவைப்படவில்லை. கால் ஈரமானதே போதுமாக இருந்தது.

ஆனாலும் அந்த நாவலை ஒதுக்க மனம் வரவில்லை. தான் கட்டிய பட்டணத்தை வாசகர்கள் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது, அதைவிட்டு வெளியேறி, ஆற்றில் எதிர்த்துப் போய், இந்தச் சரக்கு யாருடைய முதுகில் வந்தது என்று பார்க்கத் துணிகிற ஆசிரியர்கள் குறைவு. நாற்பதாயிரம் முட்டையை எண்ணியவருக்கு அடுத்தபடியாகக் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். தாமதமாகவும் தடுமாறியும் கேட்டார். கேட்காமல் போகவில்லை.

படிக்க விரும்புகிறவர்கள் முதல் நாவலிலிருந்து வரிசையாகப் போக வேண்டிய அவசியம் இல்லை. 1989-இல் வந்த 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' நாவலில் வைம்ஸ் அறிமுகமாகிறான்; அங்கே ஆரம்பிக்கலாம். பிறகு 'மென் அட் ஆர்ம்ஸ்', அதன் பின் 'நைட் வாட்ச்'. இந்த மூன்றையும் படித்தவர்கள் 'ஸ்னஃப்' படிக்காமல் இருக்கக் கூடாது. குறைகளோடு படிக்க வேண்டிய நாவல் அது. மற்ற மூன்றிலும் வைம்ஸோடு நின்று ஊருக்குள் வரும் படகுகளைப் பார்த்தவர்களுக்கு, அவை எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்ளும் கடமையும் இருக்கிறது.